முருகைத் தொட்டியில் நீரின் காரத்தன்மை

லிந்துலையிலுள்ள ஒரு வீட்டில் பல ஆண்டுகளாகப் பாவித்த கேத்தலைத் திறந்து பார்த்தால் அதன் உட்புறம் பெரும்பாலும் துப்புரவாகவே காணப்படும். யாழ்ப்பாணத்து வீடொன்றில் சில மாதங்களே பாவித்த கேத்தலின் அடியிலோ வெண்ணிறமான ஒரு படை தடித்துக் கிடக்கும். சவர்க்காரத்தின் கதையும் அவ்வாறே. மலைநாட்டு ஓடை நீரில் அது கைபட்டவுடன் நுரைத்துப் பொங்கும். குடாநாட்டுக் கிணற்று நீரில் எவ்வளவு தேய்த்தாலும் மனம் இளகாது. குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். மழைநீர் அதனூடாக இறங்கும்போது அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு செல்கின்றது. மலைநாட்டுப் பாறைகளிற் பெரும்பாலானவை அவ்வாறு எளிதிற் கரைவன அல்ல. எனவே அங்கு பெய்யும் மழை ஏறக்குறைய வெறுங்கையுடனேயே ஓடையை அடைகின்றது.

கேத்தலின் அடியிற் படியும் அந்த வெள்ளைப் பொருளுக்குக் கல்சியங்காபனேற்று என்று பெயர். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புக்கும், லயக்காம்பராச் சுவருக்குப் பூசும் வெள்ளைக்கும் மூலப்பொருள் இதுவே. தேங்காய்த் துருவல் அளவுகூட இல்லாத சிறிய உயிரினங்கள் இப்பொருளைக் கடல் நீரிலிருந்து பிரித்தெடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. தலைமுறை தலைமுறையாக அவை கட்டிய வீடுகளின் குவியலே முருகைக்கற்பார். தமிழ்நாட்டார் இதனைப் பவளப்பாறை என்பர். ஹிக்கடுவையிலும், திருகோணமலைக்கு வடக்கே புறாத் தீவைச் சூழ்ந்தும், கற்பிட்டிக்கு அப்பாலும் இத்தகைய பார்கள் உண்டு.

இவ்வுயிரினங்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது இன்று உலகின் பல பாகங்களிலும் ஒரு கலையாகவும் ஓரளவுக்கு விஞ்ஞானமாகவும் வளர்ந்துள்ளது. 1961 ஆம் ஆண்டில் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் ஒட்டிய பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழியையும் மட்டுமே கொண்டு முருகைகளை உயிரோடு வைத்திருந்த தமது முறையை வெளியிட்டார். அவர் கடற்கரையை அண்டி வாழ்ந்தவர். வேண்டியபோது புதிய கடல் நீர் கிடைக்கும். கடலிலிருந்து நெடுந்தூரம் விலகியிருந்த ஐரோப்பியருக்கு அவ்வசதி இல்லை. உப்பைக் கரைத்துச் செயற்கைக் கடல் நீர் செய்தார்கள், மீன்கள் வாழ்ந்தன, முருகைகள் சில மாதங்களில் மெலிந்து மாண்டன. நீரில் எதுவோ குறைந்துகொண்டே போகின்றது என்பது தெரிந்தது. அந்த எதுவோ என்பது பெரும்பாலும் காரத்தன்மையே என்பது பின்னரே தெளிவாயிற்று.

லிந்துலையும் கடலிலிருந்து விலகிய ஊர்தான். அதுமட்டுமன்று, கடல்மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள குளிரான ஊர். அங்கு ஒரு பாடசாலையோ தனிமனிதரோ முருகைத் தொட்டியொன்றை அமைப்பதாயின் நீரைச் சூடேற்றி 25 பாகை செல்சியசு அளவில் வைத்திருக்க வேண்டும், ஒளி வேண்டும், நீரோட்டம் வேண்டும். இவற்றைக் கடையில் வாங்கிவிடலாம். காரத்தன்மையை மட்டும் வாங்கிவைத்துவிட்டு மறந்திருக்க முடியாது. அது நாள்தோறும் செலவாகின்ற பொருள்.

காரத்தன்மை என்னும் சொல் சற்று மயக்கந் தருவது. நீர் எவ்வளவு காரமாக இருக்கின்றது என்பதைப் பீ.எச். என்னும் எண்ணாற் குறிப்பது வழக்கம். 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். கடல் நீரின் பீ.எச். ஏறத்தாழ 8.1. ஆனால் இங்கு பேசப்படும் காரத்தன்மை இந்த எண் அன்று. ஒரு நீரில் அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போனால், அது எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்ற கொள்ளளவே காரத்தன்மை. காசல்ரீ நீர்த்தேக்கத்தையும் அதில் விழும் ஓர் ஓடையையும் நினைத்துப் பார்க்கலாம். ஒரே இரவில் பெருமழை பெய்தால் ஓடை ஆளுயரம் பெருகிவிடும். நீர்த்தேக்கத்தின் மட்டமோ அதே மழைக்குச் சற்றே அசையும். மலைநாட்டு ஓடை நீரிற் சில துளி எலுமிச்சம் புளி விட்டால் அதன் பீ.எச். சட்டென்று இறங்கிவிடும். கடல் நீரில் அதே அளவு விட்டால் சிறிதளவே இறங்கும். பீ.எச். என்பது இன்றைய மட்டம். காரத்தன்மை என்பது தேக்கத்தின் பரப்பு. இரண்டையும் ஒன்றென மயங்கியவர்களின் தொட்டிகளே மிகுதியாகப் பாழாகின்றன. அதனைப் பின்னர்ப் பார்க்கலாம்.

கடல் நீரில் இக்கொள்ளளவைத் தருவன பெரும்பாலும் இருகாபனேற்று அயன்கள்; ஓரளவு காபனேற்று; மிகச் சிறிதளவு போரேற்று. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த 'சலஞ்சர்' என்னும் பிரித்தானியக் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்னும் இரசாயன அறிஞர் பகுத்தாராய்ந்து 1884 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். கடல் நீரில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அதிலுள்ள முக்கியமான பொருள்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே விகிதத்திலேயே இருக்கும் என்பதை அவர் நிலைநாட்டினார். காரத்தன்மையையும் அவர் அளந்தார். அளக்கும் அடிப்படை இன்றும் மாறவில்லை: அளவறிந்த அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, தாங்கும் எல்லை எப்போது கடக்கப்படுகின்றது என்று பார்த்தல்.

உயர்தர வகுப்பில் இரசாயனம் பயிலும் மாணவருக்கு இது புதிதன்று. நியமிப்பு என்னும் பரிசோதனையே இது. தொட்டி நீரில் 100 மில்லிலீற்றரை ஒரு கூம்புக் குடுவையில் எடுத்து, மெதைற் செம்மஞ்சளில் இரண்டொரு துளி விட வேண்டும். நீர் மஞ்சளாகும். அளவியில் 0.02 செறிவுள்ள ஐதரோகுளோரிக்கமிலத்தை நிரப்பிக் குடுவையை ஆட்டியபடியே சொட்டவிட வேண்டும். நெடுநேரம் ஒன்றும் நிகழாது. நிறம் மாறுவதுபோலத் தோன்றி மீண்டும் மஞ்சளாகும். பின்னர் ஒரு துளியில் செம்மஞ்சள் நிறம் நிலைத்துவிடும். அதுவரை செலவான அமிலம் 12.5 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொண்டால், அதனை 0.2 ஆற் பெருக்க, லீற்றருக்கு 2.5 மில்லிசமவலு என்னும் விடை கிடைக்கும். இது இயற்கைக் கடல் நீரின் அளவுக்கு மிக அண்மையானது.

தொட்டி வளர்ப்போர் இதே அளவை வேறொரு பெயராற் கூறுவர். ஜேர்மன் நாட்டார் நீரின் கடினத்தன்மையை அளப்பதற்கு ஏற்படுத்திய 'பாகை' என்னும் அலகே அவர்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. ஒரு மில்லிசமவலு 2.8 பாகைக்குச் சமம். ஆகவே மேற்கூறிய நீர் 7 பாகை. இயற்கைக் கடல் நீர் ஆறரை முதல் 7 பாகை வரை இருக்கும். தொட்டிகளில் 7 முதல் 10 அல்லது 11 வரை வைத்திருப்பார்கள். எந்த எண்ணைத் தெரிவது என்பதுபற்றி அவர்களிடையே ஓயாத விவாதம் உண்டு. அவ்விவாதத்திற் பெரும்பகுதி வீண். 8 இல் வைத்தவரின் முருகையும் வளர்கின்றது, 9 இல் வைத்தவரின் முருகையும் வளர்கின்றது. காலையில் 7, மாலையில் 10, மறுநாள் 8 என்று ஊசலாடும் தொட்டியிலேதான் எதுவும் தரிப்பதில்லை.

கடைகளிற் கிடைக்கும் பரிசோதனைப் பெட்டியில் இருப்பது இதே நியமிப்பின் சிறிய வடிவம். 5 மில்லிலீற்றர் தொட்டி நீரை ஒரு குழாயில் எடுத்து, சிறு புட்டியிலுள்ள திரவத்தைத் துளித்துளியாக விட வேண்டும். நிறங்காட்டியும் அமிலமும் ஒரே புட்டியிற் கலந்திருப்பதால் முதற்றுளியிலேயே நீர் நீலமாகும். எல்லை கடந்ததும் மஞ்சளாகும். சில பெட்டிகளில் ஒரு துளி ஒரு பாகையைக் குறிக்கும். எளிய கருவி எனினும் புட்டியைச் சரித்துப் பிடித்தால் துளியின் பருமன் மாறிவிடும். அதனை நேர்செங்குத்தாகவே பிடிக்க வேண்டும். திரவம் பழையதாயின் எண்ணும் பொய்க்கும். ஒருமுறை அளந்து வந்த எண்ணை வேதவாக்காகக் கொண்டு தொட்டியில் மருந்தைக் கொட்டுவதைவிட, கருவியை முதலிற் சோதிப்பது நன்று. அதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டியதில்லை. சுத்தமான அப்பச்சோடாவில் 2.1 கிராமை நிறுத்து ஒரு லீற்றர் காய்ச்சிவடித்த நீரிற் கரைத்து, அக்கரைசலில் 100 மில்லிலீற்றரை எடுத்து மீண்டும் ஒரு லீற்றராக்கினால், கிடைக்கும் நீர் 2.5 மில்லிசமவலு, அதாவது 7 பாகை. பரிசோதனைப் பெட்டி இந்நீரில் 7 காட்டினால் நம்பலாம். 9 காட்டினால் பெட்டியின் மீதே குற்றம். பாடசாலை ஆய்வுகூடத்துத் தராசு இதற்குப் போதும். பேக்கிங் பவுடர் என்று விற்கப்படுவது வேறு பொருள்; அதில் அமிலமும் கலந்திருப்பதால் அது இக்காரியத்துக்கு உதவாது.

இனிச் செலவுக் கணக்கு. முருகை உயிரி தன் கூட்டைக் கட்டும்போது ஒரு பங்கு கல்சியத்தையும் இரண்டு பங்கு இருகாபனேற்றையும் எடுத்துக்கொள்கின்றது. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியில் உணவு தயாரித்து இவ்வேலைக்கு வேண்டிய சக்தியைத் தருகின்றன. அதனால் பகலிற் கட்டுவேலை விரைவு; இரவில் மந்தம். கடல் நீரில் லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. அது பெருஞ் சேமிப்பு. காரத்தன்மையோ சிறு சேமிப்பு. ஒரு தொட்டியின் காரத்தன்மை 8.4 பாகையிலிருந்து 6.9 பாகைக்கு இறங்குமாயின் அதன் ஆறிலொரு பங்குக்கு மேல் செலவாகிவிட்டது. அதே வேளையிற் கல்சியம் 420 இலிருந்து 409 அளவுக்கே இறங்கியிருக்கும்; சாதாரண பெட்டியில் அவ்வேறுபாடு கண்ணுக்குத் தட்டுப்படாது. எதனை முதலில் அளக்க வேண்டும், எதனை அடிக்கடி அளக்க வேண்டும் என்பதற்கு இதனைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை 8.4, எதுவுஞ் சேர்க்காமல் விட்டு வியாழக்கிழமை காலை அதே மணிக்கு அளந்தபோது 6.9. மூன்று நாளில் ஒன்றரைப் பாகை, நாளொன்றுக்கு அரைப் பாகை. அதே மணி என்பது முக்கியம். பகற் செலவும் இரவுச் செலவும் வேறு என்பது மேலே கூறப்பட்டது. தொட்டியின் நீர் 200 லீற்றர் என்க. 100 லீற்றர் நீரின் காரத்தன்மையை ஒரு பாகை உயர்த்த 3 கிராம் அப்பச்சோடா வேண்டும். ஆகவே இத்தொட்டிக்கு நாளொன்றுக்கு 3 கிராம் போதும். இதனைச் சிறிது நன்னீரிற் கரைத்து நீரோட்டம் உள்ள இடத்தில் மெல்ல ஊற்ற வேண்டும். கல்சியத்தை ஈடுசெய்யக் கல்சியங்குளோரைட்டை வேறாகக் கரைத்து, வேறு நேரத்தில் ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒரே குவளையிற் கலந்தவர் அடுத்த நொடியிலேயே பால்போல் வெளுத்த நீரைக் காண்பார்; முருகைக்குச் சேரவேண்டிய சுண்ணாம்பு குவளையின் அடியிலேயே கிடக்கும். இம்முறையில் நாளடைவிற் சிறிது சாதாரண உப்பு மிஞ்சும். அதனால் இடையிடையே தொட்டி நீரில் ஒரு பகுதியை மாற்றுவது வழக்கம்.

முருகைகள் பெருகி வளர்ந்த தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு பாகைக்கு மேலும் செலவாகும். புதிதாக அமைத்த தொட்டியில் வாரக் கணக்கிற்கூட அசைவு தெரியாது. பிறர் தொட்டிக்கு இடும் அளவைக் கேட்டறிந்து தம் தொட்டியில் இடுவது, அடுத்த வீட்டு நோயாளியின் மருந்தைக் குடிப்பதற்குச் சமம்.

கல்சியத்தையும் காரத்தன்மையையும் ஒருங்கே தரும் பழைய பொருளொன்று உண்டு. அது ஒவ்வொரு வெற்றிலைத் தட்டத்திலும் இருக்கின்றது. நீற்றிய சுண்ணாம்பை நீரிற் கலக்கி வைத்தால் மேலே தெளிந்து நிற்கும் நீரே சுண்ணாம்புத் தெளிவு. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பீற்றர் வில்கென்ஸ் என்பவர் 1970 களில் இத்தெளிவைத் தொட்டிகளிற் பயன்படுத்தும் முறையைப் பரப்பினார். தொட்டியிலிருந்து ஆவியாகிப்போகும் நீருக்கு ஈடாக நன்னீருக்குப் பதில் சுண்ணாம்புத் தெளிவை விடுவது அவர் முறை. முருகைக்கு வேண்டிய இரு பொருள்களும் வேண்டிய விகிதத்திலேயே அதில் உள்ளன. உப்பு எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு லீற்றர் தெளிவில் ஏறத்தாழ 40 மில்லிசமவலு உண்டு. 200 லீற்றர் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் நீர் ஆவியாகுமாயின், அதற்கு ஈடான தெளிவு 1.4 பாகையைத் தரும். பல தொட்டிகளுக்கு இது போதியது.

ஆயினும் இது கையைச் சுடும் பொருள். தெளிவின் பீ.எச். 12 க்கு மேல். ஒரு குடம் தெளிவை ஒரே முறையிற் கவிழ்த்தால் மீனும் முருகையும் ஒருங்கே மடியும். நூலளவு குழாயினூடாகச் சொட்டுச் சொட்டாக, பெரும்பாலும் இரவில் விடவேண்டும். இரவிற் பாசிகள் உறங்குவதால் காபனீரொட்சைட்டு மிகுந்து பீ.எச். இறங்கும், அந்த இறக்கத்தைத் தெளிவு ஈடுசெய்யும். திறந்த பாத்திரத்தில் வைத்த தெளிவின்மேல் ஆடை படியும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு அதனைக் கல்சியங்காபனேற்றாக மாற்றிவிடுவதே காரணம். சுண்ணாம்புத் தெளிவினுள் குழாயால் ஊதினால் அது பாலாகும் என்று கீழ் வகுப்பிலேயே பிள்ளைகள் கற்கும் பாடமும் இதுவே. ஆடை படிந்தபின் தெளிவின் வலு குன்றும். ஆகவே மூடிய பாத்திரமே உகந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பை அப்படியே எடுத்துக் கலக்குவதும் ஆகாது. அதிலுள்ள கசடுகள் எவை என்பது விற்பவருக்கும் தெரியாது. ஆய்வுகூடத் தரமான நீறிய சுண்ணாம்பே வேண்டும்.

மேலே ஒரு மயக்கம் குறிப்பிடப்பட்டது. லிந்துலை போன்ற குளிரான இடத்தில் அது எளிதில் நிகழக்கூடியது. மார்கழி, தை மாதங்களில் மாலையானதும் சன்னல்களை அடைத்துவிடுவது அங்கு வழக்கம். ஐந்தாறு பேர் உறங்கும் வீடு, அடுப்பும் எரிகின்றது. மூச்சும் புகையும் சேர்ந்து அறைக் காற்றிற் காபனீரொட்சைட்டு மிகுகின்றது. அது தொட்டி நீரிற் கரைந்து காபோனிக்கமிலமாகிப் பீ.எச். ஐ 8.2 இலிருந்து 7.8 அளவுக்கு இறக்கிவிடுகின்றது. காலையில் பீ.எச். ஐ மட்டும் அளப்பவர் நீர் அமிலப்பட்டுவிட்டது என்று அஞ்சி அப்பச்சோடாவைப் போடுகின்றார். மறுநாளும் 7.8. மேலும் போடுகின்றார். அறை அடைபட்டிருக்கும்வரை எவ்வளவு போட்டாலும் எண் பெரிதும் உயர்வதில்லை. இதற்கிடையிற் காரத்தன்மை 8 இலிருந்து 14 பாகைக்கு ஏறியிருக்கும். அவர் அதனை அளக்கவில்லை. ஒருநாள் சூடேற்றியின்மீதும் நீரேற்றும் பொறியின்மீதும் வெள்ளைப் படை படிகின்றது. நீரில் பனித்தூவல்போல் ஏதோ விழுகின்றது. முருகையின் நுனித் தசை கழன்று வெள்ளை எலும்பு தெரிகின்றது. விரலளவு கிளையாக வாங்கி இரண்டு மூன்று ஆண்டு வளர்த்தது ஒரு கிழமையில் அழிந்துவிடும்.

காபனீரொட்சைட்டு நீரிற் கரைவதால் பீ.எச். இறங்கும், காரத்தன்மை மாறாது. இதனை உணர்ந்தவருக்கு மருந்து வேறு. ஒரு குவளை தொட்டி நீரை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் ஒருமணி நேரம் காற்றுக் குமிழி விட்டு மீண்டும் பீ.எச். ஐ அளக்க வேண்டும். எண் ஏறியிருந்தால் குற்றம் அறைக் காற்றினுடையது. சன்னலைச் சிறிது திறந்து வைப்பதோ, காற்றுக் குழாயின் வாயை வெளியே விடுவதோ போதும். காரத்தன்மை உண்மையாகவே தாழ்ந்திருந்தால் மாத்திரம் சோடா. அப்போதும் நாளொன்றுக்கு ஒரு பாகைக்கு மேற்படாமல் உயர்த்துவதே முறை. ஏறிவிட்ட காரத்தன்மையை அமிலத்தை ஊற்றி இறக்க முனைவதைவிட, சேர்ப்பதை நிறுத்திவிட்டு முருகைகளே அதனைச் செலவிடும்வரை பொறுத்திருப்பது நன்று.

மீன் உள்ள தொட்டியில் இன்னொரு செலவும் உண்டு. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவை நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அப்போது அமிலம் தோன்றிக் காரத்தன்மையின் ஒரு பகுதியைக் கரைத்துவிடுகின்றது. இச்செயல் லிந்துலையைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில் மிகப் பெரிய அளவில் நடைபெறுகின்றது. அமோனியஞ்சல்பேற்றும் யூரியாவும் இட்ட மண்ணில் அதே இன நுண்ணுயிர்கள் அதே வேலையைச் செய்து மண்ணைப் புளிக்கச் செய்கின்றன. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடிதான், 4.5 முதல் 5.5 வரையுள்ள பீ.எச். அதற்கு உகந்தது. அதற்குங் கீழே இறங்கினால் அதுவும் வாடும். 1925 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டு, லிந்துலைக்கு அண்மையில் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், மண்ணின் பீ.எச். ஐ அளந்தே டொலமைற் இடுமாறு கூறிவந்துள்ளது. கவ்வாத்து வெட்டிய மலையில் வெள்ளைத் தூளை வீசும் தொழிலாளரை நேயர்கள் பலர் கண்டிருப்பர். அத்தூள் கல்சியமும் மகனீசியமும் சேர்ந்த காபனேற்று. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் அகழப்படுவது. அளந்து பார்த்து, குறைந்ததைச் சுண்ணாம்பால் ஈடுசெய்யும் வழக்கம் அம்மலைகளுக்குப் புதிதன்று.

மகனீசியம் பற்றியும் ஒரு சொல். கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் மகனீசியம் உண்டு. கல்சியமும் காபனேற்றும் முருகையின் உதவியின்றித் தாமாகவே இணைந்து படிவதை அது தடுத்து வைக்கின்றது. எவ்வளவு சோடா இட்டும் காரத்தன்மை நிலைக்கவில்லையாயின் மகனீசியம் குறைந்திருக்கின்றதா என்று பார்க்க வேண்டும்.

மலைநாட்டாருக்கு ஒரு வசதியும் உண்டு. ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றுவதற்குச் சுண்ணாம்பற்ற மென்மையான நீரே வேண்டும். யாழ்ப்பாணத்தார் கிணற்று நீரை ஊற்றினால் நாள்தோறும் அளவறியாத சுண்ணாம்பைச் சேர்த்தவராவர். அவர் நீரை வடித்தே பாவிக்க வேண்டும். லிந்துலையில் கூரையிலிருந்து துப்புரவாகப் பிடித்த மழைநீர் அக்குறையைப் பெரிதும் நீக்கிவிடும். குழாய் நீராயின் அதிலிடும் குளோரினைப் போக்கவேண்டும். தோட்டங்களில் இடும் உரமும் மருந்தும் கலந்த ஓடை நீராயின் அதனைத் தவிர்ப்பதே நன்று.

முருகையை எங்கிருந்து பெறுவது என்பது சிந்திக்க வேண்டிய விடயம். இலங்கைக் கடலிலுள்ள பாரை உடைத்தெடுப்பது குற்றம். இங்கு முருகையை அழித்ததில் மீன் தொட்டிகளுக்கு இருந்த பங்கைவிடச் சுண்ணாம்புச் சூளைகளுக்கு இருந்த பங்கு மிகப் பெரிது. 1984 ஆம் ஆண்டுக் கணிப்பின்படி அம்பலாங்கொடைக்கும் திக்குவல்லைக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் சூளைகளுக்குச் சென்றது. ஒரு பகுதி கரையோர நிலத்தில் தோண்டி எடுத்த பழைய முருகை; மற்றொரு பகுதி உயிருள்ள பாரிலிருந்து உடைத்தது. நாட்டின் எத்தனையோ வீடுகள் அச்சுண்ணாம்பால் வெளுத்தன. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988 ஆம் ஆண்டில் அதற்குச் செய்த திருத்தமும் இதற்குத் தடை விதித்தன. தடைக்குப் பின்னும் அது களவாக நடைபெற்றது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தபோது, முருகை அகழப்பட்டிருந்த இடங்களில் நீர் கூடிய உயரத்துடனும் வேகத்துடனும் உட்புகுந்ததை ஆய்வாளர் அளந்து 2005 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பயணிகள் நிறைந்த புகையிரதம் அடித்துச் செல்லப்பட்ட பெரேலிய அத்தகைய இடங்களுள் ஒன்று. வெளிநாட்டு முருகைகளும் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் அனுமதிப்பத்திரமின்றி எல்லை கடக்க முடியாது. தொட்டியில் வளர்ந்த தாயிலிருந்து வெட்டிய சிறு கிளையை அனுமதியோடு பெறுவதே ஒழுங்கான வழி. அது கிடைக்காதபோது, காரத்தன்மையைச் செலவிடும் சுண்ணப்பாசிகளையும் நத்தைகளையும் வைத்தே பாடசாலையொன்று இந்தப் பாடம் முழுவதையும் நடத்தலாம்.

அடைத்த அறையில் நிகழ்வதே இன்று உலகம் முழுவதிலும் நிகழ்கின்றது. தொழிற்சாலைகள் பெருகுமுன் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. அதன் ஒரு பகுதியைக் கடல் ஏற்றுக்கொள்கின்றது. கடலின் காரத்தன்மை மாறவில்லை, பீ.எச். 8.2 அளவிலிருந்து 8.1 அளவுக்கு இறங்கியுள்ளது. எண் சிறிதாகத் தோன்றினும் அமிலத்தை உண்டாக்கும் ஐதரசன் அயன்கள் ஏறத்தாழ நாலிலொரு பங்கு கூடியுள்ளன என்பதே அதன் பொருள். முருகைக்கு வேண்டிய காபனேற்று அந்த அளவுக்கு அருகிவருகின்றது. 1998 இலும் 2016 இலும் இலங்கைப் பார்களை வெளுக்கச் செய்தது கடலின் வெப்பம். அது வேறு நோய், ஆயினும் பிறப்பிடம் ஒன்று.

இயற்கைப் பாரொன்றின் காரத்தன்மையை மனிதர் வேண்டுமென்றே உயர்த்திப் பார்த்ததும் உண்டு. 2014 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாரிலுள்ள வன் றீ தீவில் ரெபெக்கா ஓல்பிறைற், கென் கல்டீரா முதலிய ஆய்வாளர், பாரின்மேல் ஓடும் கடல் நீரில் சோடியமைதரொட்சைட்டைக் கலந்துவிட்டனர். எவ்வளவு நீர் எங்கே செல்கின்றது என்பதை அறிய அதனுடன் ஒரு சாயத்தையும் சேர்த்தனர். சாயம் பாரைக் கடந்தபின்னும் நீரில் இருந்தது. சேர்த்த காரத்தன்மையில் ஒரு பகுதி மட்டும் காணாமற் போயிருந்தது. முருகைகள் அதனை எடுத்துக்கொண்டன. அவற்றின் கட்டுவேலை ஏறத்தாழ 7 சதவீதம் கூடியது என்று 2016 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். அது ஒரு பாரின் ஒரு சிறு துண்டு, 22 நாள்.